என் பன்னெண்டு குழி

அடையாறுல எங்க குடிசைக்குப் பின்னால ஒரு குப்பைமேடு. அதைப் பூங்கா ஆக்கப்போறோம், ஓரமா செடிகொடி வச்சு ஆபீஸ் கட்டடங்க எழுப்பப்போறோம்னு எழுபதுகள்ல சொன்னப்போ வாய்விட்டுச் சிரிச்சேன். சின்ன வயசுல நான் பாட்டில் பொறுக்கின மேடு அது. எந்தெந்தக் கம்பெனி லாரியோ கொட்டின ஆசிட் பட்டு வெந்த தழும்பு இன்னும் என் கால்ல இருக்கு.

ஆனா தோட்ட வேலைக்கு ஆள் எடுத்தப்போ முதல் ஆளா போய் நின்னேன். "ஆளுக்குப் பன்னெண்டு வேப்பங்கன்னு. மழை முடிஞ்சு பார்ப்பேன். தழைச்சிருந்தா வேலை நிரந்தரம்"னாரு என்ஜினீயர். புருஷன் போய்ச் சேர்ந்துட்டான், வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. அந்த வேலை எனக்குக் கெடைச்சே ஆகணும்.

அவரு இன்னொண்ணும் சொன்னாரு. "குப்பை மேல களிமண் போட்டு மூடியிருக்கு. அதுக்கு மேலதான் செம்மண். ஒரு முழத்துக்குக் கீழ வெட்டக்கூடாதும்மா."

பேன்ட் போட்ட மனுஷனுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? மரம்னா இடுப்பளவு குழி வேணும். களிமண் தட்டுப்பட்டா கடப்பாறையால உடைச்சுவிடணும், இல்லேன்னா தண்ணி நின்னு வேர் அழுகிடும். மயிலாப்பூர் பங்களாக்கள்ல நான் வச்ச ஒரு மரம்கூட செத்ததில்ல, தெரியுமா! பன்னெண்டு குழியிலயும் களிமண்ணை உடைச்சு, சாணி எரு போட்டு நட்டேன்.

பக்கத்து வரிசைக்காரன் கோடம்பாக்கத்து ஆளு. ஸ்டுடியோவுல செட்டுக்குச் செடி நட்டவன். ஷூட்டிங் முடியறவரைக்கும் நின்னா போதும்னு பழகின கை. ஒரு சாண் தோண்டி, சொருகிட்டு, பீடி பத்தவச்சுக்குவான். "இன்னாக்கா, கெணறு வெட்டிக்கினு கீற?"ன்னு கிண்டல் வேற.

"போடா சோம்பேறி. உன் கன்னு பொழைச்சா நான் மொட்டை அடிச்சுக்கறேன்"னேன்.

மழை முடிஞ்சுது. அவன் பன்னெண்டும் தளதளன்னு நிக்குது. என்னுது பன்னெண்டும் கருகிப்போச்சு. குழிக்குக் குழி கருப்புத் தண்ணி, அதே பழைய ஆசிட் நாத்தம். எனக்குத் தலைகால் புரியல. யார் கண்ணு பட்டுச்சோன்னு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன்.

என்ஜினீயர் ஒரு குழியில கம்பை விட்டாரு. இறங்கிக்கிட்டே போச்சு. "மூடியை நீயே ஓட்டை போட்டுட்டியேம்மா"ன்னாரு. திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

வேலை அவனுக்குக் கெடைச்சுது. எனக்குக் கடைசியா ஒரு நாள் கூலி மட்டும். என் குழிங்களைக் களிமண் போட்டு நானே மூடணும். அவனும் பீடியைத் தூக்கிப் போட்டுட்டு வந்து கூட மிதிச்சான். மொட்டையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் தாங்கல, அழுதுட்டேன்.

பாடுபட்டவளுக்கு இல்ல, பீடி குடிச்சவனுக்கு உண்டுன்னா அது என்ன கணக்கு? இன்னிக்கும் எனக்குக் குழப்பம்தான். இப்பவும் அந்தப் பூங்காவுல என் வரிசையில வெறும் புல்லுதான். ஆனா இத்தனை மழைக்கும் நான் மூடின குழியில ஒரு சொட்டு கருப்புத் தண்ணி மேல வரல. அரைகுறையா வேலை செய்ய எனக்கு வராது.