டிக்கெட் வாங்கிய சவரிமுத்து

ஊரை விட்டு வடக்கே போய், தளேகாவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் இரும்பு அடித்ததில் சவரிமுத்துவின் இரண்டு காதும் போயின. பின்னாலேயே வேலையும் போனது. மனிதர் வீட்டில் சும்மா இருக்கிற ரகமில்லை. இருந்தால் மனைவி ஜெபமணியின் குழம்பில் குற்றம் கண்டுபிடிப்பார். ஆகவே அவருக்கு ஒரு வேலை கிடைப்பது இரண்டு பேருக்குமே அவசியமாக இருந்தது.

அந்த வருஷம்தான் அதே வட்டாரத்தில், பாணேரில் கண்ணாடிக் கூரை போட்ட தோட்டம் ஒன்று திறந்தார்கள். வெளியே மே மாத வெயில். உள்ளே ஆர்க்கிட் பூக்கள், ஆளுயரப் பெரணிகள், வெளிநாட்டுப் பஞ்சவர்ணக் கிளிகள். பறவைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு ஓடினார். மேனேஜர் பத்ரிநாத் தலையைக் குனிந்தபடி ஏதோ கேட்டார். முகம் தெரியாததால் சவரிமுத்து விழித்தார். காது கேட்காதவன் சரிப்படமாட்டான் என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அவமானம் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார்.

ஜெபமணி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "மறுபடியும் அங்கயா போறீய? அதான் இல்லன்னு சொல்லியாச்சுல்லா?"

"வேல கேக்கப் போவல. டிக்கெட் வாங்கிட்டுப் போறேன். எவன் தடுக்கான்னு பாப்போம்."

உள்ளே செயற்கை அருவியின் இரைச்சல், போதாததற்குக் கிளிகளின் கூச்சல். வந்தவர்கள் எல்லாம் காதைப் பொத்திக்கொள்ள, சவரிமுத்து மட்டும் நிம்மதியாக நீலக் கிளி ஒன்றை ரசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏணி உச்சியில் ஒரு தோட்டக்காரர் ஆர்க்கிட் கட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் வாய் அசைந்தது. கீழே நின்ற பத்ரிநாத், "க்யா? க்யா?" என்று காதருகே கையைக் குவித்தார்.

சம்மட்டி விழுகிற தொழிற்சாலையில் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. சவரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். ஏணி வழுக்குகிறது என்றது அந்த உதடு. பாய்ந்துபோய் ஏணியின் காலைக் கட்டிப் பிடித்தார். ஈரக் கல்லில் அது ஒரு முழம் நகர்ந்திருந்தது. தோட்டக்காரர் இறங்கித் தரையைத் தொடும்வரை அவர் பிடியை விடவில்லை.

பத்ரிநாத் இப்போதுதான் அவரை அடையாளம் கண்டார். உனக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்றார், நேருக்கு நேர்.

"சுனா நஹி சாப். தேகா." கேட்கவில்லை, பார்த்தேன் என்று தோட்டக்காரரின் வாயைக் காட்டினார்.

பத்ரிநாத்துக்கு நம்பிக்கை வரவில்லை. குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தார்: நாளைக்கு எட்டு மணிக்கு வா.

"ஏழரைக்கே வந்துடுறேன் சாப்" என்றார் சவரிமுத்து, சந்தோஷத்தில் தமிழிலேயே.