எல்லாப் பெண்களுக்கும் இருபத்தொன்பது

ஹாஃபிஸாவுக்கு முப்பத்தி நாலு வயது. அதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதில்லை. வெட்கமெல்லாம் அவளுடைய உம்மா சைனப்புக்குத்தான். தாராவியில் அவர்கள் இருக்கும் சந்தில் ஹாஃபிஸா சில வருஷங்களாக இருபத்தொன்பதிலேயே நின்றுகொண்டிருந்தாள். அங்கே அது பொய்யில் சேர்த்தி இல்லை. கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் எந்த உம்மாவும் செய்கிற காரியம்தான்.

குர்லா ஸ்டேஷனுக்கு எதிரே அப்துல் வாஹித் ஒரு கல்யாண வெப்சைட் நடத்துகிறார். நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பம்பாயில் தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு வரன் தேடித் தருவது. அதன் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது ஹாஃபிஸாவின் வேலை. உம்மா அவளுக்குத் தெரியாமல் அங்கேயே அவள் பெயரைப் பதிந்து வைத்திருந்தாள், வழக்கமான வயதோடு. கண்ணில் பட்ட அன்றைக்கே ஹாஃபிஸா அதை முப்பத்தி நாலு என்று திருத்தினாள். கல்யாணம் வேண்டாம் என்றெல்லாம் இல்லை, ஆசையாகத்தான் இருந்தது. வயதைத் தெரிந்துகொண்டு வருகிறவன் வரட்டும் என்று நினைத்தாள். உம்மா கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை, வீடு அமைதியாக இருந்தது.

அப்போதுதான் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்த மெஷினை மாற்றும் வேலை வந்தது. வரன் தேடுகிறவர்கள் யாரும் ஒரு பெண்ணை முழுசாகப் பார்ப்பதில்லை. வயது என்ன, உயரம் என்ன, எந்த ஊர் என்றுதான் தட்டுகிறார்கள். அதனால் எல்லாருடைய விவரமும் இருக்கும் டேபிளை ஆள் ஆளாக வைக்காமல், எல்லாருடைய வயதும் சேர்ந்து ஒரு வரிசை, எல்லாருடைய உயரமும் சேர்ந்து ஒரு வரிசை என்று பிரித்து மெமரியில் ஏற்றி வைத்திருந்தார்கள். தட்டிய வேகத்தில் பதில் வந்துவிடும். டிஸ்க்கில் போய்த் தேடினால் திரையில் சக்கரம் சுற்றும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பொறுமை மாப்பிள்ளை வீட்டாருக்குக் கிடையாது.

பழைய மெஷினை வாடகைக்கு விட்டிருந்தவர்கள் மொத்த டேட்டாவையும் ஒரே ஃபைலாகக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புதிய மெஷின் சின்னது. ஃபைலின் பருமனைப் பார்த்த வாஹித் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாத்தையும் மெமரில வைக்க முடியாதும்மா. முப்பதுக்குக் கீழ உள்ள பிள்ளைகள மட்டும் வையி. மத்தவங்க டிஸ்க்ல கெடக்கட்டும்."

"அவங்களையும் தேடுத ஆளு இருக்கு பாய்."

"இருக்கட்டும்மா. கொஞ்சம் வெயிட் பண்ணட்டும். இத்தன வருஷம் வெயிட் பண்ணவங்கதான?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டார். ஹாஃபிஸாவுக்குக் காது வரைக்கும் சுட்டது.

டேபிள் வயதுவாரியாகப் பகுதி பகுதியாகப் பிரிந்திருந்தது. ஃபைலைப் புதிய மெஷினில் இம்போர்ட் செய்யும்போது, மெமரியில் இருக்க வேண்டும் என்கிற குறி ஒவ்வொரு பகுதியோடும் கூடவே வரும். வேண்டாம் என்றால் கட்டளையில் ஒரு வரி எழுதிக் கழற்றிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆளில்லாத ஆபீஸில் உட்கார்ந்து முப்பதுக்கு மேற்பட்டவர்களுக்காக அந்த வரியைப் பாதி எழுதினாள். பிறகு அழித்தாள். நியாயம் என்பதெல்லாம் பெரிய வார்த்தை, அவளுக்கு வந்தது கோபம்தான். வயதைக் குறைத்துச் சொன்னவர்களெல்லாம் மெமரியில் சொகுசாக இருப்பார்கள், உள்ளதைச் சொன்ன அவள் டிஸ்க்கில் கிடக்க வேண்டுமா?

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. இடம் போதாவிட்டால் மெஷின் யாரையும் கேட்காது, கொண்டமட்டும் ஏற்றிவிட்டு மீதியை விட்டுவிடும். விடுபட்டது இளசுகளாக இருந்தால் திங்கட்கிழமை காலையில் வாஹித்துக்குப் போன் மேல் போன் வரும். அதற்குப் பிறகு அவளுக்கு வேலை இருக்காது. அந்த வேலை ஒன்றுதான் அவளை 'வீட்டில் இருக்கிற பெண்' என்று ஊர் சொல்லாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பிஸ்மி சொல்லி எல்லாக் குறிகளோடும் ஏற்றினாள்.

மெமரி பாதிகூட நிரம்பவில்லை, ஏற்றம் நின்றுவிட்டது. தொலைந்தோம் என்றுதான் நினைத்தாள். பகுதி பகுதியாகச் சோதித்தாள். எல்லாரும் உள்ளே இருந்தார்கள். நம்பாமல் வரிசைகளைத் திறந்து பார்த்தாள்.

ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் மெஷின் அதை ஒரு தடவை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நன்றாகச் சுருக்கிவிடும். வயது வரிசையில் இருபத்தொன்பது, இருபத்தொன்பது என்று ஓடிக்கொண்டே இருந்தது. நிற வரிசையில் எல்லாரும் சிவப்பு. குண வரிசையில் எல்லாரும் அடக்கம். பம்பாய் முழுக்க அடக்கமில்லாத பெண் ஒருத்திகூட இல்லை. மாப்பிள்ளைகளும் ஒருவர் பாக்கியில்லாமல் நல்ல உயரமாக இருந்தார்கள். உம்மாமார்கள் கூடிப் பேசி வைத்தாற்போல ஒன்றையே எழுதி வைத்ததில் பெருங்கூட்டம் சின்ன மூட்டையாகிவிட்டது. ஹாஃபிஸா தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

காலையில் வாஹித் கேட்டார்: "எப்டிம்மா எல்லாம் கொண்டுச்சு?"

விளக்கினாள். அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். "இத வெளிய சொல்லிராத," என்றார்.

அந்த மாதமே பாண்டுப்பிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ராபியா என்கிற அம்மாவும், லேத் பட்டறை வைத்திருக்கும் அவர் மகன் நசீரும். ராபியா சமோசாவைக் கடித்துக்கொண்டே பேசினார்.

"மத்த சைட்ல எல்லாம் முப்பதுக்கு மேலன்னு தட்டுனா சுத்திக்கிட்டே கெடக்கு. இதுல டக்குனு வந்துச்சு. முப்பத்தி நாலுன்னு போட்டிருந்திய. அப்பம் உள்ளபடிக்கு நாப்பதா?"

சைனப்புக்கு முகம் செத்துவிட்டது. இதற்குத்தானே அடித்துக்கொண்டேன் என்பதுபோல மகளைப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னாலும் அதன் மேல் ஆறு வருஷம் ஏற்றுவார்கள் என்று ஹாஃபிஸா நினைத்ததே இல்லை.

"இல்ல மாமி. முப்பத்தி நாலுதான்."

"போட்டதே நெசமா?" ராபியா கடிப்பதை நிறுத்தினார். நம்புவதா வேண்டாமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

நசீர் கப்பைக் கீழே வைத்தான். "எனக்கு முப்பத்தெட்டுங்க. முப்பத்திரெண்டுன்னு போட்டது எங்க உம்மா."

"ஏல!" என்றார் ராபியா.

ஹாஃபிஸா தலை நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள்.

"நான் அந்த சைட்லதான் வேல பாக்கேன். நாளைக்குத் திருத்திரட்டுமா?"

நசீர் யோசித்தான். "திருத்த வேண்டாம், சைட்லருந்தே எடுத்துருங்க," என்றான்.

"ரெண்டு பேரையுமா?" என்று கேட்டாள் ஹாஃபிஸா.