பாலகணேஷ் ட்ரக் வாங்கிய கதை

ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பாலகணேஷுக்கு மேட்சிங் கடை. புடவையைக் கொண்டுபோனால் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுப்பார். மயில்கழுத்து நிறத்துக்கு மட்டுமே ஒரு அலமாரி வைத்திருக்கிறார். துணியையும் புடவையையும் வாசலுக்குத் தூக்கிவந்து, வெயிலில் ஒட்டவைத்துப் பார்க்காமல் கத்தரி வைக்க மாட்டார். டியூப்லைட்டில் எல்லாப் பச்சையும் ஒரே பச்சைதான் என்பார். மனிதர் அப்பேர்ப்பட்ட கறார்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் எப்படி, ஏன் என்று குடைந்தே ஆகவேண்டும். லிஃப்டில் ஏறினால் கயிறு எங்கே ஓடுகிறது என்று கேட்பார். கல்யாணத்துக்குப் போனால் மேடைப் பக்கம் தலைகாட்டாமல் சமையல்கட்டில் கிரைண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாற்பது வயதில் சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொன்னார். பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடக்கப் போன இடத்தில், ரொனால்ட் என்கிற வாலிபன் ஸ்கேட்போர்டு எனும் சக்கரப் பலகையில் நின்றபடி உடம்பைச் சாய்த்தே வளைந்து போவதைப் பார்த்துவிட்டார். கைப்பிடி இல்லை, ஸ்டியரிங் இல்லை, பின்னே எப்படித் திரும்புகிறது? அன்றோடு நடை போயிற்று.

ரொனால்டுக்குப் பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை. தங்கமான பையன். பலகையைக் கவிழ்த்துக் காட்டினான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அச்சுகள், இரண்டின் முனைகளிலும் சக்கரங்கள், நடுவில் ரப்பர். கால் அழுத்துகிற பக்கம் ரப்பர் நசுங்கி அச்சு சாயும், சக்கரம் திரும்பும். அச்சும் ரப்பரும் சேர்ந்த இந்தச் சாமானுக்குத்தான் ட்ரக் என்று பெயர். அட, இவ்வளவுதானா என்றார் பாலகணேஷ். மறு மாதமே ஒரு பலகை வாங்கினார்.

போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் பலகையிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கத்தரி பிடிக்கக் கை இல்லை. கல்லாவையும் கூட்டத்தையும் அவர் மனைவி சீதாதான் தனியாளாகச் சமாளித்தாள். சீதா திசையன்விளைக்காரி. கட்டு அவிழ்த்த அன்று அவள் சத்தம் எதுவும் போடவில்லை. இன்னொரு தடவை விழுந்து ரத்தம் பார்த்தால் பலகை பரணுக்குப் போய்விட வேண்டும் என்று மட்டும் சொல்லி, திருச்செந்தூர் முருகன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவரும் செய்துகொடுத்தார். பலகை போனால் தனக்கு மிச்சம் துணியும் மாத்திரையும்தான் என்று அவருக்குத் தெரியும்.

இந்த நிலையில் பழைய ட்ரக்கின் அச்சு வளைந்து தொலைத்தது. கடற்கரை நடைபாதையில் ஒரு கல் திண்டு இருக்கிறது. அதன் விளிம்பில் தாவி ஏறி, சக்கரம் தொடாமல் ட்ரக்காலேயே ஒரு முழமாவது சறுக்கிப் போக வேண்டும். தெருவில் பலகை ஓட்டுகிற எல்லோருக்கும் உள்ள ஆசைதான், அவருக்கும் இருந்தது. வளைந்த அச்சோடு ஏறினால் ரத்தம் நிச்சயம். புதிது வாங்கியாக வேண்டும், தப்பாக வாங்கினால் பரண்.

ஒரு சாமான் வாங்க இத்தனை யோசனையா என்று கேட்காதீர்கள். ட்ரக்கில் அகலம் உண்டு, உயரம் உண்டு, ரப்பரின் இறுக்கம் உண்டு. அகலம் அவருக்கு ஜுஜுபி. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, அச்சு முனை பலகை ஓரத்தைத் தாண்டாமலும் உள்ளே போகாமலும் இம்மி பிசகாமல் பொருத்தம் பார்த்தார். உயரத்தில்தான் மண்டை காய்ந்தது. தெருவுக்குத் தாழ்ந்ததே நல்லது, ஆட்டம் காணாது என்று வீடியோவில் ஒருவன் சொன்னான். விழப் பயந்தவன் தரைக்குப் பக்கத்தில் நிற்பதுதானே புத்தி? தாழ்ந்ததையே வாங்கினார். சக்கரத்தை மாற்றவில்லை. நம்மூர் ரோட்டுக் குழிக்கும் ஜல்லிக்கும் ஈடுகொடுக்க வேண்டுமே என்று முன்பே பார்த்துப் பார்த்து வாங்கிய பெரிய சக்கரங்கள் அவை.

புது ட்ரக்கின் படத்தை ரொனால்டுக்கு அனுப்பினார். சக்கரம் என்ன சைஸ் என்று அவன் திருப்பிக் கேட்டான். பதில் போடுவதற்குள் மந்தைவெளியிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் புடவை மூட்டையோடு உள்ளே நுழைந்தது. அதோடு மறந்தார். கூட்டம் கலைந்ததும் கடை மேஜையிலேயே ட்ரக்கை மாட்டி, கையால் உருட்டிப் பார்த்துத் திருப்தியானார். ஏறி நின்று பார்க்கவில்லை. வெயிலில் பார்க்காமல் கத்தரி வைக்காத மனிதர்! புத்தி அன்றைக்குப் புல் மேயப் போயிருந்தது.

ஞாயிறு காலையில் சீதாவும் கூடவே வந்தாள். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று பார்க்க அவளுக்கும் ஆசை. நேராகப் போனவரைக்கும் பாலகணேஷ் ராஜா மாதிரி போனார். திண்டை நெருங்கிச் சாய்ந்து திரும்பினார். சக்கரம் சடக்கென்று நின்றது, பலகையும் நின்றது, பாலகணேஷ் நிற்கவில்லை. முழங்கையும் தாடையும் கிழிந்து ரத்தம்.

சீதாவும், பக்கத்தில் பலகை ஓட்டிக்கொண்டிருந்த ரொனால்டும் ஓடிவந்தார்கள். சீதா தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கழுவினாள். அவள் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

"பரண்ல போட்டுரு," என்றார். கண் கலங்கிவிட்டது.

அவள் பலகையை எடுத்துக் கவிழ்த்தாள். சக்கரத்துக்கு நேரே மரத்தில் கறுப்பாக ஒரு தடம், புதிதாக அரைத்த மாதிரி. விரலால் தடவிப் பார்த்து, இது ஏன் இங்கே தேய்ந்திருக்கிறது என்று ரொனால்டைக் கேட்டாள். அவன் பலகையைச் சாய்த்து அழுத்தினான். சக்கரம் மரத்தைத் தொட்டது. பெரிய சக்கரத்துக்குக் கொஞ்சம் உயரமான ட்ரக் வேண்டும், தாழ்ந்தது போட்டால் திரும்பும்போது சக்கரம் பலகையைக் கவ்விக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும் என்றான்.

"அதான்ணே கேட்டேன், வீல் இன்னா சைஸ்னு. நீ ஒண்ணும் சொல்லல."

சீதா புருஷனைப் பார்த்தாள். "பலகைக்குப் பொருத்தம் பார்த்திய. சக்கரத்துக்குப் பார்த்தியளா? துணி மேட்ச் ஆகலேன்னு ஒருத்தி வந்தா கடையில என்ன செய்வோம்?"

"மாத்திக் குடுப்போம்."

"புடவையைப் பரண்ல போடுன்னா சொல்லுவோம்?"

முருகன் மேல் செய்த சத்தியம் என்னாவது என்று பாலகணேஷ் மெதுவாகக் கேட்டார்.

"அவருகிட்ட நான் பேசிக்கிடுதேன்," என்றாள்.

பிறகு பலகையைத் தரையில் போட்டாள். எவ்வளவு சாய்ந்தால் கவ்வுகிறது என்று ஏறி நின்று பார்த்தால்தானே தெரியும் என்றாள். செருப்பைக் கழற்றி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தபடி ஏறினாள். கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் அவர் கையை அவள் பிடித்ததே இல்லை. கூட்டம் பார்க்கிறது என்று பாலகணேஷ் முணுமுணுத்தார்.

"பார்க்கட்டும்," என்றாள் சீதா, சக்கரத்தையே பார்த்தபடி. "நீங்க கையை மட்டும் விட்டுராதிய."