ரோனா பெட்ரி எழுப்பி நிறுத்திய கிழவர்

ரோனா பெட்ரியைத் தொலைக்காட்சியில் முதன்முதலில் பார்த்தவர்கள் நாற்பது நொடிதான் பார்த்திருப்பார்கள். ஒரு கிழவரை நாற்காலியிலிருந்து எழுப்பி நிறுத்துகிறாள், அவ்வளவே. அந்த நாற்பது நொடி எப்படி வந்தது என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவள் ஸ்காட்லாந்தில் ஆர்ப்ரோத் என்ற கடற்கரை ஊர்க்காரி. அப்பா மீனைப் புகையில் வாட்டி விற்பவர். கிளாஸ்கோவில் நாடகக் கல்லூரி இரண்டு முறை அவளைத் திருப்பி அனுப்பியது. இரண்டாவது முறை, அடுத்த வருடத் தேர்வு எந்தத் தேதி என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள். மூன்றாவது முறை எடுத்துக்கொண்டார்கள்.

படிப்பு முடிந்து நான்கு பேர் கொண்ட ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தாள். வேன் ஓட்டுவதும் மேடை கட்டுவதும் நடிப்பதும் அதே நான்கு பேர்தான். தீவுகளில் ஊர்ப் பொது மண்டபமே அரங்கம். இடைவேளையில் குலுக்கல் பரிசு நடக்கும். கடைசிப் பரிசு போகும் வரை இரண்டாம் பாதியைத் தொடங்க எவருக்கும் துணிச்சல் கிடையாது. ஒருமுறை யூயிஸ்ட் தீவில் காற்று அடித்துப் படகு நின்றுவிட, மேடைச் சாமான்கள் அக்கரையிலேயே தங்கிவிட்டன. மண்டபத்து நாற்காலிகளை அடுக்கி அதையே கப்பல் என்று நடித்து முடித்தார்கள். அன்றைய குலுக்கலில் ரோனாவுக்கு உரித்த கோழி ஒன்று கிடைத்தது.

நாடகம் இல்லாத மாதங்களில் டண்டீயில் என்னோடு வேலை பார்த்தாள். வயதானவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் வேலை. சிலருக்கு இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும்; அவளும் நானும் ஜோடி. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு, அவளுக்கு இருபத்தைந்து. நேரத்துக்கு வருவாள், படியேறும்போது வசனம் முணுமுணுப்பாள். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வேலைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவார்கள்: உட்கார்ந்திருப்பவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்காதே. அவர் தோள் போகும், உன் இடுப்பும் போகும். தூக்கியது தெரிந்தால் வேலையே போகும்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரில் வேஷம் கிடைத்தது. ஒரே காட்சி, மூன்று வசனம், முதியவரைக் கவனிக்கும் பெண். கேமரா முன்னால் அதுதான் முதல் தடவை. இது நன்றாக அமைந்தால் அடுத்தது வரும், இல்லையென்றால் வராது என்று அவளுடைய ஏஜெண்ட் சொல்லியிருந்தார். படப்பிடிப்பு எங்கள் ஊரிலேயே, ஒரு மூன்றாம் மாடி வீட்டில். வயதானவர்கள் பிடித்து நடக்கும் நடைச்சட்டம் ஒன்று வேண்டும் என்று கேட்டதால் எங்கள் கிடங்கிலிருந்து எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

இயக்குநர் டோபி, லண்டன்காரர், முப்பது வயதிருக்காது. முதியவராக நடித்தவர் ஆர்ச்சி பிட்கீத்லி. எழுபத்தெட்டு வயது, ஐம்பது வருடம் மேடையில் இருந்தவர். அவசரமாக உள்ளே வந்து அவரை அக்குளில் பிடித்து ஒரே இழுப்பில் தூக்க வேண்டும் என்று டோபி விளக்கினார். அப்படித் தூக்க மாட்டேன் என்றாள் ரோனா.

“நிஜமா தூக்க வேண்டாம். தூக்குற மாதிரி நடிச்சா போதும்.”

“அவரோட எடை நிஜம்தானே.”

டோபி குரலை உயர்த்தவில்லை. “இந்த வேஷத்துக்கு இன்னும் இருபது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. தெரியுமில்ல?”

“தெரியும். கூப்பிடுங்க. வர்றவகிட்டயும் இதைச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.”

நான் வாசற்கதவருகே நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் பக்கம் பார்த்தாள். செய்துவிடு என்று தலையாட்டினேன். இருபத்தாறு வருட வேலையில் ஒருவரையும் அப்படித் தூக்க விட்டதில்லை, அன்று தலையாட்டினேன். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது நாற்காலியில் இருந்த ஆர்ச்சி வாயைத் திறந்தார். “தம்பி, என் இடது தோள்ல போன வருஷம்தான் ஆபரேஷன். இந்தப் பொண்ணு அவ வழியில ஒரு தடவை எழுப்பட்டும். பிடிக்கலைன்னா வேற கிழவனையும் சேர்த்துத் தேடிக்கோங்க.”

ஏன் முன்பே சொல்லவில்லை என்று டோபி கேட்டார்.

“சொல்லியிருந்தா எனக்கு வேஷம் குடுத்திருப்பீங்களா?”

டோபி ஜன்னலைப் பார்த்தார். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை என்றார்.

ரோனா உள்ளே வந்தாள். ஆர்ச்சியை நாற்காலி விளிம்புக்கு நகரச் சொன்னாள். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து வைத்தாள், கைகளை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றச் செய்தாள், பக்கத்தில் நின்று முன்னால் சாயச் சொன்னாள். மூன்று வரை எண்ணினாள். அவர் மெதுவாக, தானே எழுந்தார். எழுந்தவர் நடைச்சட்டத்தைப் பிடிக்காமல் முதலில் தன் கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டார். எழுதிக் கொடுத்ததில் அது இல்லை. ரோனா காத்திருந்தாள். நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆறு நொடியில் முடிந்திருக்க வேண்டியது நாற்பது நொடி ஆயிற்று. அதே போல் இன்னும் இரண்டு முறை எடுக்கச் சொன்னார் டோபி.

ஒளிபரப்பானபோது அவளுடைய மூன்று வசனங்களும் காணாமல் போயிருந்தன. எழுப்பி நிறுத்தியது மட்டும் முழுதாக இருந்தது. பிறகு ஏழு வாரம் போன் வரவில்லை. அவள் என்னோடு வேலைக்கு வந்தாள். எட்டாவது வாரம், அதைப் பார்த்த ஒரு மேடை இயக்குநர் கூப்பிட்டு நடித்துக் காட்டச் சொன்னார். முதலில் வேறொருத்தியைத்தான் எடுத்தார்கள். அந்தப் பெண் வேறு படத்துக்குப் போய்விட, ரோனாவுக்கு அந்த நாடகத்தில் முக்கிய வேஷம் கிடைத்தது. இன்றைக்கும் புதிதாக ஒரு கதை வந்தால் அவள் முதலில் கேட்பது, யாரையாவது தூக்க வேண்டியிருக்குமா என்பதுதான்.

படப்பிடிப்புக்கு மறுநாள் காலை நாங்கள் இருவரும், நாங்கள் கவனித்துவந்த திருமதி லெய்ட்லா வீட்டில் இருந்தோம். அந்த வேஷத்தில் அவளை வைத்திருப்பார்களா, வெட்டிவிடுவார்களா என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. நாற்காலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

“நேத்து தலையாட்டினீங்க, ஐனா.”

“ஆட்டினேன். உனக்கு அந்த வேஷம் கிடைக்கணும்னு இருந்துச்சு.”

“எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா?”

தப்புதான் என்றேன். சரி என்றாள்.

“உங்க பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்கோங்க,” என்றார் திருமதி லெய்ட்லா. “நான் பாத்ரூம் போகணும்.”

ரோனா குனிந்து அவர் பாதங்களைப் பின்னுக்கு இழுத்து வைத்தாள். மூன்று வரை எண்ணினோம்.