நாலு பத்துக்குப் போன வள்ளம்

எழுதின வரியை வாய்விட்டு வாசிக்கிறாள் ரெஜிஷா. வாசித்த கையோடு, அந்த வரி என்ன சொல்கிறதோ அதைக் கணினியில் செய்து பார்க்கிறாள். வரி சொல்லாத ஒன்றை, தனக்குத் தெரிந்திருந்தாலும், செய்யவே மாட்டாள். கணினி முழித்துக்கொண்டு நின்றால், "ஒனக்கு வெளங்கல்லியா? அப்பம் வாசிக்கவளுக்கும் வெளங்காது" என்று அதனிடமே சொல்லிவிட்டு வரியை அழிக்கிறாள். பிறகு புதிதாக ஒன்று எழுதி, மறுபடி முதலிலிருந்து வாசிப்பு.

அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருக்கிற அம்மா செசிலிக்கு இந்தச் சத்தம் பழகிவிட்டது. "பூசையில வாசகம் வாசிச்சா ஒருத்தருக்கும் கேக்காது. இந்தப் பெட்டிக்கிட்ட மட்டும் தொண்ட தொறக்கும்" என்பாள்.

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்த வீடு. ரெஜிஷாவுக்கு முப்பத்தொன்று நடக்கிறது. நாகர்கோவிலில் இருக்கிற ஓர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். கடற்காற்றில் உப்பு வந்து கணினியின் திரையில் படியும். அதற்கென்று அம்மாவின் பழைய கைத்தறிச் சேலையைக் கிழித்து வைத்திருக்கிறாள். நாளுக்கு மூன்று முறை துடைப்பாள். ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் அவளுக்குக் கை ஓடாது.

எழுதி வைத்த எதையும் சும்மா விட்டுப் போகிறவள் இல்லை. புட்டுமாவுப் பொட்டலத்தில் 'தேவையான அளவு தண்ணீர்' என்று இருந்ததற்கு, "எவ்வளவு?" என்று அந்தக் கம்பெனிக்குக் கடிதம் போட்டவள். கோயில் பலகையில் 'நாளை மாலை கூட்டம்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். கூட்டம் முடிந்து ஒரு வாரமாகியும் அது 'நாளை'யாகவே நின்றது. ரெஜிஷா சுண்ணாம்புக்கட்டி எடுத்துப் போய் அடியில் தேதி எழுதிவிட்டு வந்தாள். கிறுக்கு என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும்.

அவள் ஒரு வருஷமாக மல்லுக்கட்டுவது ஒரு கையேட்டோடு. டேட்டாபேஸ் என்கிறார்களே, ஆயிரம் பெயரை எழுதி வைத்தாலும் கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தருகிற பதிவேடு, அதில் ஒன்று உலகத்துக்கே பொதுவாகக் கிடக்கிறது. யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பிழை கண்டால் யாரும் திருத்தம் அனுப்பலாம். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்கிற கையேடும் அப்படித்தான். ஆனால் அனுப்பின திருத்தத்தைப் பார்த்துச் சரி என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ரெஜிஷாவுக்கு வாய்த்தவர் டென்மார்க்கில் இருக்கிற ஒரு மனிதர்.

போன ஐப்பசியில்தான் இது தொடங்கியது. அந்த டேட்டாபேஸை வைத்துத்தான் ஊருக்குக் கடல் பதிவு செய்துகொடுத்திருந்தாள். வள்ளம் கடலில் இறங்கும்போது, கரையில் ஐஸ் கடை வைத்திருப்பவர் தன் போனில் வள்ளத்தின் பெயரைத் தட்டுவார். நேரம் தானாகப் பதிவாகும். திரும்பி வந்தால் வந்தது என்று தட்டுவார். யார் கடலில் இருக்கிறார்கள் என்று எந்த நிமிஷமும் சொல்லிவிடலாம். கையேட்டில் ஒரு பக்கத்தை எழுத்து எழுத்தாகப் பின்பற்றி அவள் செய்த வேலை அது.

அன்று காலை பத்து மணிக்குக் காற்று திரும்பியது. இன்று போன வள்ளங்களின் பட்டியல் வேண்டும், கரைக்குக் கூப்பிட வேண்டும் என்று மீன்துறையிலிருந்து கேட்டார்கள். ரெஜிஷா எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது வள்ளம். ஒன்பதுக்கும் வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்.

அப்போதுதான் வள்ளக்காரர் மத்தியாஸின் மனைவி இசபெல், மீன்சட்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"மக்கா, எங்க வள்ளத்துக்குச் செல்லியாச்சா?"

ரெஜிஷா பட்டியலை இரண்டு தரம் பார்த்தாள். "இல்ல அக்கா. அண்ணன் இன்னைக்கு போகல்ல."

"போகல்லியா?" இசபெல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பம் காலம்பற நான் கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தது ஆருக்குட்டி?"

ரெஜிஷா கணினிக்குத் திரும்பினாள். ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்த் தேடினாள். முந்தின நாள் பட்டியலில் இருந்தன, மத்தியாஸின் சலேத் என்கிற வள்ளம் உட்பட மிச்சம் பதினான்கு வள்ளங்களும். எல்லாரும் திரும்பியாயிற்று என்று முதல்நாளே முடித்து வைத்த பட்டியல் அது. யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

காரணம் சின்னது. அந்தப் பதிவேடு தானாக வைத்துக்கொள்வது லண்டன் பக்கத்து நேரம். நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே விடிகாலை நாலு பத்துக்கு வள்ளம் இறங்கினால், பதிவேட்டுக்கு அது முந்தின நாள் ராத்திரி பத்து நாற்பது. ஐந்தரைக்கு முன்னால் வீட்டை விட்டு இறங்குகிற எவரையும் அது நேற்றில் கொண்டுபோய் வைத்துவிடும். கையேட்டில் காட்டியிருந்த உதாரணங்கள் எல்லாம் பகல் பன்னிரண்டு மணி. பகல் பன்னிரண்டு மணிக்கு இங்கேயும் அங்கேயும் ஒரே தேதிதான். அதனால் செய்து பார்த்தபோது அவளுக்குச் சரியாகவே வந்தது.

பதினான்கு வள்ளத்துக்கும் சொல்லி முடிக்க நாற்பது நிமிஷம் பிந்திப்போனது. பதின்மூன்று கரையேறிவிட்டன. சலேத்தின் எஞ்சின் நின்று, அலையோடு அடித்துப்போய், மறுநாள் உச்சிக்குத்தான் இன்னொரு வள்ளம் குளச்சலுக்கு இழுத்து வந்தது. எல்லாரும் உயிரோடு வந்தார்கள். ரெஜிஷாவை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இசபெல்கூட, "ஒனக்கு தெரிஞ்சா செய்த?" என்றுவிட்டுப் போனாள்.

ஊர்ப் பதிவைச் சரியாக்க ஒரு வரி போதுமாயிருந்தது, அன்றைக்கே செய்தாள். அந்தப் பக்கம் மட்டும் அப்படியே கிடந்தது. அதைத் திருத்தி அனுப்பினாள்: எச்சரிக்கையாக இரண்டு வரி, உதாரணத்தில் பன்னிரண்டு மணிக்குப் பதிலாக, சலேத்தின் பெயரும் அது இறங்கின நாலு பத்தும்.

டென்மார்க்குக்காரர் பதில் போட்டார்: "இந்தச் செய்தி வேறொரு அத்தியாயத்தில் ஏற்கெனவே இருக்கிறது."

"ஒரு வள்ளத்தில ஓட்ட இருக்குன்னு இன்னொரு வள்ளத்தில எழுதி வச்சா ஆருக்கு உபகாரம்?" என்று அடுக்களைப் பக்கம் பார்த்துக் கேட்டாள் ரெஜிஷா. அவருக்கு அதையே கொஞ்சம் மரியாதையாக எழுதினாள்.

இரண்டாவது பதில் வந்தது: "விடிகாலை நாலு பத்து என்பது வாசகருக்கு இயல்பான நேரமாக இராது. நண்பகல் என்றால் எளிதில் புரியும்."

செசிலி கத்தியைக் கீழே வைத்தாள். "நாலு மணிக்கி எந்திக்காத மனியன் எந்த நாட்டுலட்டி இருக்கான்?"

"புஸ்தகம் எழுதுக நாட்டுல."

"சரி, விட்டுத் தொலையேன். ஒனக்க காரியம் நேராயிட்டு இல்லியா?"

"எனக்கு நேராயிட்டும்மா. நாளைக்கி எங்கயோ ஒருத்தி இதே பக்கத்தப் பாத்து செய்வா. வாசல்ல வந்து நிக்கவகிட்ட, ஒனக்க மாப்பிள போகல்லன்னு செல்லுவா. நான் செல்லுனேன் பாத்தியா, அதமாதிரி."

செசிலி அடுப்பை அணைத்தாள். பொரித்த சாளை இரண்டைத் தட்டில் வைத்து, கணினிக்குப் படாமல் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

புதிய கையேட்டுக்கான திருத்தங்களை அந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு மூடுகிறார்கள். அது தவறினால் இன்னும் ஒரு வருஷம் பழைய பக்கமே நிற்கும். எத்தனை ஊரில் எத்தனை பேர் அதைப் பார்த்து எழுதுவார்களோ. வியாழக்கிழமை ரெஜிஷா வாதாடுவதை நிறுத்தினாள். போன ஐப்பசியில் காற்று திரும்பின அன்று கரையிலிருந்து போன இருபத்துமூன்று வள்ளங்களின் பெயரையும் நேரத்தையும் அப்படியே டென்மார்க்குக்கு அனுப்பினாள். "உங்கள் பக்கம் சொல்வதை மட்டும் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த வேறு எதையும் சேர்க்க வேண்டாம். அந்த நாளில் போனவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத வள்ளக்காரர்களின் மனைவிமார் உங்கள் வாசலில் நிற்கிறார்கள். என்ன சொல்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணி வரை ஒன்றும் வரவில்லை. ரெஜிஷா திரையை நாலு முறை துடைத்தாள். பிறகு வந்தது.

"எனக்கும் ஒன்பதுதான் வந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சிறு யோசனை: நாலு பத்து என்பதை நாலு என்று முழுதாக வைத்துக்கொள்ளலாமா?"

"வேண்டாம்" என்று ஒரே சொல் எழுதினாள் ரெஜிஷா. ஏன் என்று கேட்டார். "அந்த வள்ளம் நாலு பத்துக்குத்தான் போனது" என்று எழுதினாள்.

மத்தியானம் அந்தப் பக்கம் கையேட்டில் ஏறிவிட்டது. உப்புக்காற்றுக்குப் பயந்து வாசல்படிகூடத் தாண்ட விடாத கணினியைப் பாலிதீன் பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரைக்குப் போனாள். இசபெல் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மத்தியாஸ் பக்கத்தில் வலையை விரித்துப்போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இஞ்ச பாரு. ஒங்க சலேத்து."

மத்தியாஸ் எட்டிப் பார்த்தார். "வெள்ளக்காரன் புஸ்தகத்துல எனக்க வள்ளமா? களியாக்காதட்டி."

இசபெல்லுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் தெரியும். ஈரக்கையை நீட்டித் திரையில் தேடினாள். "நாலு பத்து" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நாலுக்கு எறங்குகேன்னு செல்லிக்கிட்டு, சாயாவ ஊதி ஊதிப் பத்து நிமிசம் களஞ்சது இவியதான். அதும் எழுதியாச்சு."

"சூடா குடுத்தா ஊதாம?" என்றார் மத்தியாஸ்.

இசபெல் விரலை எடுத்தாள். நாலு பத்துக்குப் பக்கத்தில் ஒரு சாளைச் செதிள் ஒட்டிக்கொண்டு நின்றது. "அய்யோ மக்கா, அழுக்காக்கிப் போட்டேனே" என்று முந்தானையைத் தேடினாள்.

ரெஜிஷா அதைத் துடைக்காமல் மூடினாள்.