கடன் வாங்கிய சாம்பிள்

பெனடிக்ட் சொல்யூஷன் என்றால் இன்றைய லேப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தொண்ணூறுகளில், ஓசூர் ரோடு பக்கம் இருந்த எங்கள் ஃபேக்டரி டிஸ்பென்சரியில் யூரினில் சுகர் பார்க்க எனக்கு அதுதான் கதி. நீலத் திரவத்தில் எட்டுச் சொட்டு யூரின் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவேன். நீலமாகவே நின்றால் ஆள் தப்பித்தார். பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் நாலு ப்ளஸ், சுகர் உச்சத்தில் என்று அர்த்தம்.

ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்களுக்கு வருடாந்திர மெடிக்கல் நடந்த ஒரு காலையில் செல்வராஜின் ட்யூப் செங்கலாகிவிட்டது. இன்னொரு முறை காய்ச்சினேன். அதே செங்கல்.

செல்வராஜ் சந்தாபுராவிலிருந்து வருபவர். அவருடைய அப்பாவுக்கு சுகரால் ஒரு கால் போனது. தனக்கும் வந்திருக்கும் என்று பயம். தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கி ஸ்டோர்ஸில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அதைவிடப் பெரிய பயம்.

கூப்பிட்டுச் சொன்னேன். உடைந்துபோவார் என்று நினைத்தேன். மனுஷன் ட்யூபையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இவ்ளோ சுகர் இருந்தா கால்ல புண்ணு ஆறாதா?"

"ஆறாது. எங்க புண்ணு? காட்டுங்க."

அவர் காட்டாமல் கதவுப் பக்கம் திரும்பினார். நாளைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

"அது என்னோடது இல்ல மேடம். பக்கத்து வீட்டு பால்ராஜோடது. அவருக்குக் கால்ல ஒரு புண்ணு ஆறாமலே கெடக்கு."

சாம்பிளை வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவரச் சொல்வது அன்றைய வழக்கம். பால்ராஜ் எங்கள் ஃபவுண்டரி ஆள், பார்க்கக் கல்லு மாதிரி இருப்பார். அவருடைய மெடிக்கலுக்கு இன்னும் பல மாதம் இருந்தது. அவரிடம்தான் செல்வராஜ் பாட்டிலை நீட்டியிருக்கிறார். அவரும் சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்திருக்கிறார். செல்வராஜ் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் மறுநாள் அவர் ரத்தம் சுத்தமாக இருந்திருக்கும், பாட்டில் மாறிவிட்டது என்று நானே எழுதி முடித்திருப்பேன். உண்மையைச் சொன்னால் மெமோ நிச்சயம் என்று தெரிந்தும் சொன்னார். அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை.

உடனே பால்ராஜுக்கு ஆள் அனுப்பினோம். ஷூவைக் கழற்றச் சொன்னதும் ரூமெல்லாம் நாற்றம். சாக்ஸ் நனைந்திருந்தது. ஷூ கடித்த சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது.

"வலிக்கல மேடம். வலிச்சா வந்திருக்க மாட்டேனா?" என்றார் சாவகாசமாக.

எங்கள் டிஸ்பென்சரி டாக்டர் கன்னடக்காரர். பேனா முனையால் பாதத்தைக் குத்திக் குத்திப் பார்த்தார். பால்ராஜ் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏன்ரீ, இது தெரியலையா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது அப்போதுதான். நரம்பு செத்ததால்தான் வலிக்கவில்லை, இன்னும் கொஞ்ச நாள் விட்டால் முழங்காலோடு போகும் என்றார் டாக்டர்.

அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரலை எடுத்தார்கள். பாதம் பிழைத்துவிட்டது என்று அங்கிருந்து போன் வந்தபோது என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. காலுக்கு வந்தது சுண்டுவிரலோடு போனது. செல்வராஜின் ரத்தத்தையும் பார்த்தேன், சுகர் இல்லை. இத்தனை வருஷம் இல்லாத நோய்க்குப் பயந்திருக்கிறார். மெமோவுக்குப் பதிலாக டாக்டர் அவருக்கு வேறு தண்டனை கொடுத்தார். புண் ஆறும்வரை டிரஸ்ஸிங்குக்குப் பால்ராஜை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

அதன் பிறகு வீட்டு பாட்டிலை நான் வாங்கியதில்லை. யாராவது "எனக்கு ஒண்ணும் வலிக்கல மேடம்" என்றால் முதலில் ஷூவைக் கழற்றச் சொல்வேன்.

பால்ராஜ் ரிடையர் ஆகிற வரை மாதாமாதம் செக்கப்புக்கு அந்தக் காலில்தான் நடந்து வந்தார். புதிதாக வரும் ஆட்களிடம் ஒன்றையே சொல்வார்: "எல்லாரும் ரத்த தானம் பண்ணி அடுத்தவனக் காப்பாத்துவாங்க. நான் மூத்திர தானம் பண்ணி என்னையே காப்பாத்திக்கிட்டேன்பா."