மாமாவின் எண்ணெய்க் கை

என் கலியாணச் சீலையின் முந்தானை ஓரத்தில் ஒரு கறை இருக்கிறது. பெருவிரல் அளவு, இளமஞ்சள் நிறம். சீலைகளை வெளியே எடுத்து வெயில் காட்டும் போதெல்லாம் என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, லோண்டரிக்குக் கொடுத்தால் போய்விடுமே என்பார். நல்ல மனுசன்தான். ஆனால் இந்த ஒரு விசயத்தில் மட்டும் அவர் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்தக் கறையைப் பார்த்தால் எனக்கு முதலில் சிரிப்பு வரும். சிரித்து முடிந்த பிறகு மாமாவின் நினைப்பில் கொஞ்சம் கண்ணும் கலங்கும்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் எஞ்சின் பார்த்தவர். உப்புக் காற்றுதான் அவருடைய பரம எதிரி. லோஞ்சில் கண்ட இரும்புக்கெல்லாம் எண்ணெய் பூசிப் பழகிய கை, வேலையை விட்ட பிறகும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கேற், கிணற்றுக் கப்பி, அம்மாவின் தையல் மெஷின், என் சைக்கிள் என்று ஒன்றும் தப்பவில்லை. வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கேட்பதற்கு முன்னமே குசினிக்குள் நுழைந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிவிடுவார். பொரிக்க எண்ணெய் இல்லை என்று அம்மா கத்துவார். நான் சிறு பிள்ளையாக இருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். அன்று தொடங்கி மாமாவுக்கு ஒரே கதைதான்: "கலியாணத்தண்டு பிள்ளையைக் கோயிலுக்கு நான்தான் கொண்டுபோவன். வேற ஒருத்தருக்கும் விட ஏலாது." அதற்காகவே வாங்கினேன் என்று சொல்லித்தான் அந்தப் பழைய வான் வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

கலியாணம் நெருங்க, வானுக்கு நடுக்கம் பிடித்தது. ஓடும்போது பெரிய குறை தெரியாது. சந்தியில் நிறுத்தினால்தான் வருத்தம் தொடங்கும். எஞ்சின் ஏறும், இறங்கும், கதவுக் கண்ணாடி எல்லாம் கடகடக்கும், பிறகு அப்படியே நின்றுவிடும். எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது. மாமா பிளக் மாற்றினார். யாரோ சொன்னார்கள் என்று புகைக்குழாய்ப் பக்கத்துச் சென்சரையும் மாற்றினார். ஒன்றும் சரிவரவில்லை. உப்புக் காற்றைத் திட்டிக்கொண்டு, எண்ணெய்த் துணியும் கையுமாகப் பொனற்றைத் திறந்து எஞ்சினுக்குள் குனிந்தபடியே நின்றார். இதைப் பார்த்த அம்மா, எனக்குக்கூடச் சொல்லாமல் ஒரு வாடகைக் காருக்குச் சொல்லிவைத்துவிட்டார். அது எப்படியோ மாமாவின் காதுக்குப் போய்விட்டது. சண்டை பிடிப்பார் என்று பயந்தோம். அவரோ, "சரி அக்கா, பிள்ளை நடு றோட்டில நிக்கக் கூடாதுதானே" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனார். எனக்கு மனம் கேட்கவில்லை. மாமா ஓட்டாத வண்டியில் போய் இறங்கி எனக்கு என்ன கலியாணம்? அடுத்த நாள் காலையிலேயே சாவியைப் பறித்து, மாமாவைப் பக்கத்துச் சீட்டில் இருத்தி, சீனன்குடாப் பக்கத்திலிருந்த கராச்சுக்கு நானே வானை ஓட்டினேன்.

மெக்கானிக்கை எங்கள் ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பாஸ் கிண்ணியாக்காரர், அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவர். ஸ்கேன் மெஷினைக் கொளுவிப் பார்த்து, எஞ்சினுக்குள் போகும் காற்றின் கணக்குப் பிழையாக வருகிறது என்றார். வான் நடுங்கிக்கொண்டு நிற்கும்போதே காற்றை அளக்கும் சென்சரின் வயரைக் கழற்றினார். நடுக்கம் பாதியாக அடங்கியது. சென்சர் சொல்லும் பொய்யைக் கேளாமல் வான் இப்போது தன்பாட்டில் ஓடுகிறது, ஆனபடியால் வருத்தம் இங்கேதான் என்று விளங்கப்படுத்தினார். பிறகு அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே தலைமயிர் போல ஒரு கம்பி, அதன் மேல் பிசுபிசுவென்று ஏதோ. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். காற்றுப் பில்டரையும் கழற்றி மணந்து பார்த்தார்.

"தேங்காய் எண்ணெய் மணக்குது. பில்டருக்கு ஆர் எண்ணெய் பூசினது?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கராச்சின் கூரையைப் பார்த்தார்.

"உப்புக் காத்து உள்ள போகக் கூடாதெண்டுதான்..." என்றார்.

பாஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் கிடந்த டயரில் குந்திவிட்டார். பூசப் பூச வருத்தம் கூடியிருக்கிறது, கூடக் கூட மாமா இன்னும் பூசியிருக்கிறார்! சென்சரை அதற்கென்று உள்ள ஸ்பிரேயால் கழுவிக் காயவைத்து, புதிய பில்டரும் போட்டு ஸ்டார்ட் பண்ணினார். மாமா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, நின்றுபோய்விட்டதா என்று கேட்டார். அவ்வளவு அமைதி. வானுக்குள் இனி எண்ணெய்ப் போத்தலே இருக்கக் கூடாது என்று பாஸ் அவரிடம் சத்தியம் வாங்கித்தான் எங்களை அனுப்பினார்.

அம்மா வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கலியாணத்தன்று மாமா வெள்ளைச் சேட்டும் புதுச் சப்பாத்துமாக வந்தார். ஒவ்வொரு சந்தியிலும் எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்து, ஓடிக்கொண்டிருக்கும் வானுக்கே மறுபடி சாவியைத் திருப்பினார். அது கறகறவென்று கத்தும் போதெல்லாம் நான் முக்காட்டுக்குள் விழுந்து விழுந்து சிரித்தேன். கோயில் வாசலுக்கு வந்தோம். வானின் இழுவைக் கதவு திறக்கவில்லை. வெளியே மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. மாமா மட்டும் பதறவில்லை. மெல்லக் குனிந்து தன் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். சத்தியம் பண்ணின அதே போத்தல்! இறங்கி வந்து, கதவு ஓடும் தண்டவாளத்தில் கொஞ்சம் விட்டு, விரலால் தேய்த்து இழுத்தார். கதவு சத்தமில்லாமல் ஓடியது. அந்தச் சந்தோசத்தில் கையைத் துடைக்க மறந்து, நிலத்தில் படப்போன என் முந்தானையை ஏந்திப் பிடித்தார். பிறகுதான் கறையைக் கண்டார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"ஐயோ பிள்ளை, சீலை..."

"இருக்கட்டும் மாமா. இனி உப்புக் காத்துப் பிடிக்காது."

அவர் சிரித்தார். கண்ணீர் வடிய வடியச் சிரித்தார். அந்த எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் கோயிலுக்குள் போனேன்.

மாமா இப்போது இல்லை. கடற்கரை ஊரில் சரிகை கறுக்காமல் இருக்காது. அலுமாரிக்குள் என் கலியாணச் சீலையின் சரிகையும் கறுத்துக்கொண்டுதான் வருகிறது. அந்தக் கறை பட்ட இடம் மட்டும் இன்னும் பளபளப்பாக இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்கிறேன். என் கணவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே மாதிரித்தானே என்கிறார். அவருக்கு என்ன தெரியும்.